கன்னத்தில் ஒதுக்கிய அதிரசம்

எங்கள் ஆச்சிக்கு மேல்வரிசையில் நாலு பல், கீழ்வரிசையில் ஆறு. அந்தப் பத்தும் வெற்றிலைக் காவி ஏறிப் புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அடுப்படி அவள் ராஜ்யம். மாவு சலிப்பது, பாகில் பதம் பார்ப்பது, எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று ஒரு கிள்ளு மாவைப் போட்டுப் பார்ப்பது, எல்லாம் அவள் கைதான். ஆனால் சுட்டு அடுக்கியதில் ஒன்றைக்கூட அவளால் கடிக்க முடியாது. முறுக்கைக் காப்பியில் முக்கி, ஊறித் தொய்ந்ததும் கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பொருவிளங்கா உருண்டை என்றால் வெற்றிலை இடிக்கிற குட்டி உரல் வந்துவிடும். அதில் போட்டு ணங் ணங்கென்று இடித்து, பொடியை உள்ளங்கையில் கொட்டி அண்ணாந்துகொள்வாள்.

பொருவிளங்கா உருண்டை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாசிப்பயறு, கோதுமை, புழுங்கலரிசி, கடலைப்பருப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வாசம் வர வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வதக்கிச் சேர்த்து, வெல்லப்பாகைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கை பொறுக்கிற சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் அது பலகாரம் இல்லை, கூழாங்கல். ஒரு மாதம் கெடாது. சில வீட்டு உருண்டைகளை எறிந்தால் நாய் ஓடும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் எங்கள் வீட்டு உருண்டைக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

சுட்ட பலகாரங்கள் மூன்று பெரிய பிஸ்கட் டின்களில் அடைபட்டு அரங்கு வீட்டுக்குள் போய்விடும். எங்கள் பக்கத்து வீடுகளில் நடுவில் சன்னல் இல்லாத இருட்டறை ஒன்று இருக்குமே, அதுதான் அரங்கு வீடு. சாவி ஆச்சியின் இடுப்பில். தீபாவளியன்று காலையில் இட்லி தின்ற கையோடு ஒன்று, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டு, ராத்திரி ஒன்று. நடுவில் கேட்டால் சாவி அசையாது.

"இப்பத்தானட்டி தின்ன? வாயி என்ன அரவ மில்லா?"

கொடுத்த பலகாரத்தைத் தின்று முடித்ததும் முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளிக்க வேண்டும். "நாக்குல இனிப்பு நிக்கக் கூடாது" என்பாள். கொப்பளித்தோமா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டவுசர் பையில் சீடையை நிரப்பிக்கொண்டு தெருவெல்லாம் கொறித்துத் திரிய, நாங்கள் மட்டும் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றோம். கஞ்சத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்தத் தீபாவளிகளில் ஆச்சி மேல் எனக்கு இருந்த கோபத்தை அளக்க ஊரில் மரக்கால் கிடையாது.

1975-ஆம் வருஷம், எனக்கு எட்டு வயது. ராத்திரி வெடியெல்லாம் தீர்ந்து, வெடிக்காத வெடிகளைப் பொறுக்கிக் கிழித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்தி, அதுவும் முடிந்து, திண்ணையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். கடைசியாகக் கிடைத்த அதிரசத்தை மெல்லத் தெம்பில்லாமல் கன்னத்தில் ஒதுக்கியிருந்திருக்கிறேன். அரைத் தூக்கத்தில் வாய்க்குள் ஒரு விரல் நுழைந்தது. சுண்ணாம்பும் புகையிலையும் மணக்கிற, தோல் தடித்த விரல். கன்னத்துச் சந்தில் வழித்து, மேலண்ணத்தில் வழித்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் வரைக்கும் போய்ச் சுரண்டி எடுத்தது. கண்ணைத் திறந்தால் அரிக்கேன் வெளிச்சத்தில் ஆச்சி அந்த வெல்லக் கூழைத் தெருவில் உதறிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை என் வாயில் வைத்து, "துப்பு" என்றாள். துப்பினேன். பாதி என் புதுப் பாவாடையில்.

பல் விளக்குவதில் எங்கள் வீடு அப்படி ஒன்றும் ஒழுங்கில்லை. தாத்தா வேப்பங்குச்சி, அப்பா உமிக்கரியும் உப்பும், எங்களுக்குக் கோபால் பல்பொடி. அந்த ரோஸ் நிறப் பொடி தித்திக்கும். விளக்கினதைவிடத் தின்றது அதிகம். வேலைக்கு வருகிற ஒரு அத்தை செங்கலை நுணுக்கி அதில் தேய்ப்பாள். பல் பளபளவென்றுதான் இருந்தது. நாற்பது வயதில் ஒவ்வொன்றும் பாதியாகத் தேய்ந்து தட்டையாகிவிட்டது. ராத்திரி விளக்குவது என்பதை யாரும் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது.

தைப் பொங்கல் வந்தால் பல்லுக்கு வேறு மாதிரி வேலை. கறுப்புக் கரும்பைக் காலுக்கிடையில் நிறுத்தி, கணுவுக்குக் கணு பல்லாலேயே தோலை உரிக்க வேண்டும். அரிவாளால் சீவித் தின்பவனை என் தம்பி ஆணாகவே மதிக்க மாட்டான். ஒரு பொங்கலுக்கு ஆடிக்கொண்டிருந்த அவன் முன்பல் கரும்புத் தோலோடு சேர்ந்து வந்துவிட்டது. கரும்பில் ரத்தம், சிராய்க்கு நடுவே அரிசி மாதிரி ஒரு பல். அலறினான். ஆச்சி அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து ஓட்டுக் கூரைமேல் எறியச் சொன்னாள். எறிந்துவிட்டு வந்து மிச்சக் கரும்பைக் கடைவாய்ப் பக்கமாகத் தள்ளித் தின்று முடித்தான். பனங்கிழங்கு அதைவிட மோசம். அதன் நார் பல்லிடுக்கில் மாட்டினால் ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி என்று வீடே ஆளுக்கொரு ஆயுதத்தோடு வாயைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஈறில் ரத்தம் வராமல் எங்களுக்கு மாட்டுப்பொங்கல் கழிந்ததில்லை.

சித்தப்பா வேறு, மதுரையிலிருந்து வருகிறபோதெல்லாம் கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து காட்டுவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். ஒரு தீபாவளிக்கு மூடியோடு பல்லின் மூலையும் தெறித்தது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் வாயை மூடித்தான் சிரித்தார்.

1989-இல் கல்யாணமாகி நான் மதுரைக்கு வந்தேன். அதே வருஷம் கீழ்க் கடைவாயில் ஒரு சொத்தையை வெள்ளிப் பூச்சு வைத்து அடைத்தார்கள். அடைத்தாயிற்று, கதை முடிந்தது என்று மறந்தும்விட்டேன். இப்போது என் வீடு, என் அடுப்படி. அரங்கு வீடும் இல்லை, பூட்டும் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக ஏறிவிடும். போகிறவர் வருகிறவர் மூடியைத் திறந்து ஒன்று எடுக்கலாம். என் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த பெரிய சுதந்திரம் அது. எனக்கும் சேர்த்துத்தான் கொடுத்துக்கொண்டேன்.

2010 தீபாவளி ஒரு வெள்ளிக்கிழமை, நவம்பர் 5. சாயங்காலம் டிவியில் புதுப்படம். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பொருவிளங்கா உருண்டை கையில். கதாநாயகன் வில்லன் வீட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்த நேரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். படத்தில் இல்லை, என் தாடையில். உருண்டைத் துகளோடு கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சில்லு உள்ளங்கையில் விழுந்தது. முதலில் தேங்காய் ஓடு என்றுதான் நினைத்தேன். நாக்கு தானாகப் போய்த் தடவியது. கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு.

வலி ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கிளம்பியது. தெருவில் பத்தாயிரம் வாலா வெடிக்கிற ஒவ்வொரு முறையும் பல்லுக்குள்ளும் அதே வாலா ஓடியது. சனி, ஞாயிறு எந்தப் பல் ஆஸ்பத்திரியும் திறக்கவில்லை. எல்லா டாக்டர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். முதலில் கிராம்புத் தைலம். பஞ்சில் ஒரு துளி தொட்டு வைத்திருந்தால் போதும். நான் பாட்டிலைச் சாய்த்துவிட்டேன். கிராம்பில் உள்ள யூஜினால் நரம்பை மரக்க வைக்கும், நிஜம்தான். அளவு மீறினால் ஈறைச் சுட்டுவிடும், அதுவும் நிஜம். பிறகு எதிர்வீட்டு மாமி சொன்னார் என்று ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு படுத்தேன். விடிந்து கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தின் உள்பக்கம் வெந்த மாதிரி வெள்ளை வெளேரென்று தோல் உரிந்திருந்தது. அந்த மாத்திரை ஓர் அமிலம். முழுங்கினால்தான் மருந்து, ஒதுக்கி வைத்தால் புண். பல்வலி ஒன்றுதான் இருந்தது. இப்போது கன்னவலியும் சேர்ந்து இரண்டாயிற்று.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. நான் உருண்டையைத் திட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுக்கொண்டே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உருண்டை மேல பழி போடாதீங்கம்மா. பழைய அடைப்போட ஓரத்துல கசிஞ்சு, அடியில எல்லாமே சொத்தை. மேல ஓடு மட்டும்தான் நின்னுச்சு. இட்லி தின்னாக்கூட ஒருநாள் உடைஞ்சிருக்கும்."

பிறகு கேட்டார்: "தீபாவளிக்கு எத்தனை இனிப்பு தின்னீங்கன்னு கேக்க மாட்டேன். எத்தனை தடவை வாயத் தொறந்தீங்க, அதச் சொல்லுங்க."

யோசித்தேன். காலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் லேகியம். மருந்துதானே என்று அதைக் கணக்கில் விட்டிருந்தேன். அதுவும் வெல்லமும் நெய்யும் தேனும் சேர்ந்த பசைதான், பல்லில் ஒட்டினால் காப்பி குடிக்கிற வரைக்கும் போகாது. சாமி கும்பிட்டு ஒரு குலோப்ஜாமூன். காப்பி. இட்லியோடு மைசூர்பா. கீழ்வீட்டுத் தட்டு வந்ததும் அவர்கள் கைப்பக்குவம் பார்க்க ஒரு விள்ளல். மேல்வீட்டுத் தட்டு, இன்னொரு விள்ளல். பட்டிமன்றம் பார்க்கும்போது மிக்சர். நடுவில் ஒரு காப்பி. சாப்பாட்டில் பாயசம். நாத்தனார் வந்தபோது அவளுக்குத் துணையாக ஒரு ஜாங்கிரி, ஒரு டம்ளர் கலர். டீ. டப்பாவை மூடப் போனபோது உதிர்ந்து கிடந்த அதிரசத் துணுக்கு. பிறகு அந்த உருண்டை. டாக்டர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினாலு.

மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் ஒரு கோடு கிழித்தார். கோடு நேராகப் போய், சட்டென்று பள்ளத்தில் விழுந்து, மெல்ல மெல்ல மேலேறியது. வாயில் இனிப்புப் பட்டதும் பல்மேல் குடியிருக்கிற கிருமிகள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சில நிமிஷத்தில் பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதற்குக் கீழே போனால் பல்லின் எனாமல், உடம்பிலேயே கெட்டியான வஸ்து, கரைய ஆரம்பிக்கும். எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்பைத் திரும்பப் பூச அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். கோடு பாதி ஏறும்போதே இன்னொரு பள்ளம் வரைந்தார். அது ஏறுவதற்குள் இன்னொன்று. பதினாலு பள்ளம் வரைந்து முடித்தபோது சீட்டின் முதுகு ரம்பப் பல் மாதிரி ஆகிவிட்டது.

"அரைக் கிலோ மைசூர்பாவ ஒரே மூச்சுல தின்னா பல்லுக்கு ஒரு அடி. ஒரே ஒரு மைசூர்பாவக் கிள்ளிக் கிள்ளி நாள் பூரா தின்னா நாள் பூரா அடி" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரைக் கிலோ தின்னுட்டு சுகர் வந்துச்சுன்னு எங்கிட்ட வராதீங்க, அதுக்கு வேற டாக்டர்" என்று சேர்த்துக்கொண்டார். முறுக்கையும் நல்ல பிள்ளை என்று நம்பக் கூடாதாம். மாவுதான் அது, கடைவாய்ப் பல்லின் குழியில் அப்பிக்கொண்டால் அங்கேயே சர்க்கரையாக மாறி மணிக்கணக்கில் கிருமிக்குச் சோறு போடும்.

எனக்கு அரங்கு வீட்டுச் சாவியின் சத்தம் கேட்டது.

வேர் சிகிச்சை, பிறகு மேலே ஒரு உறை. நாலு முறை போய் வந்ததில் ஐயாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அந்தத் தீபாவளிக்கு எடுத்த என் பட்டுப்புடவையைவிட அதிகம். வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிற நேரத்தில் மனிதனுக்கு ஞானம் வரும் போலிருக்கிறது. பல்லைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அந்த மாதம் முழுக்க வாசித்தேன். ஸ்வீடனில் லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விபேஹோல்ம் என்று ஒரு மனநலக் காப்பகம். 1940-களின் கடைசியில் அங்கே இருந்தவர்களைப் பிரித்து, சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்கு இடைவேளைகளில் ஒட்டுகிற டாஃபி என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு தின்றவர்களுக்குச் சொத்தை அவ்வளவாக ஏறவில்லை. இடையிடையே டாஃபி மென்றவர்களுக்குப் பற்கள் வரிசையாகப் போயின. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் வாயில் செய்த சோதனை அது. வாசித்தபோது டாஃபியே கசந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கத்தைப் பரப்பினார்களாம். பத்துப் பல் கிழவி ஒருத்தி யாருடைய பல்லையும் பலி கொடுக்காமல் இதே இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. ஆச்சி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தன் வாயில் போன இருபத்திரண்டு பல்லிடம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த தீபாவளிக்கு டப்பாக்களை மேசையிலிருந்து எடுத்துப் பரணில் ஏற்றினேன். பிள்ளைகள் முறைத்தார்கள். இலையில் சோற்றோடு இனிப்பு. எத்தனை வேண்டுமானாலும், ஆனால் அப்போது. அக்கம்பக்கத்துத் தட்டுகள் வந்தால் எடுத்து மூடிவைத்து அடுத்த சாப்பாட்டுக்குப் பரிமாறுவது. தின்றதும் தண்ணீரில் கொப்பளிப்பது. கலர், எலுமிச்சை ஜூஸ் மாதிரிப் புளிப்பான எதையாவது குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்கக் கூடாது என்பது நான் புதிதாகக் கற்றது. அமிலத்தில் எனாமல் இளகி இருக்கிற நேரத்தில் தேய்த்தால் தேய்ந்தே போகும். அரை மணியாவது பொறுக்க வேண்டும். ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், கையில் மத்தாப்பு வாசம் போகாவிட்டாலும், ஃப்ளோரைடு பேஸ்டில் இரண்டு நிமிஷம் விளக்காமல் படுக்கை இல்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். காவல்காரன் இல்லாத வீடு. புரட்டாசியிலேயே போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன், ஐப்பசியில் டாக்டரைத் தேடி அலையாமல்.

அந்த டாக்டரின் நம்பரைப் போனில் வைத்திருந்தது வேறொருவருக்கு உதவியது. சில வருஷம் கழித்து ஒரு தீபாவளி ராத்திரி, எங்கள் குடியிருப்பில் பத்து வயதுப் பையன் ஒருவன் லட்சுமி வெடியைப் பற்ற வைத்துவிட்டு ஓடியவன் படிக்கட்டில் குப்புற விழுந்தான். முன்பல் வேரோடு வந்து மணலில் கிடந்தது. அவன் அம்மா அதைக் குழாயடியில் தேய்த்துக் கழுவப் போனார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். "வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. மேல்பக்கமாப் பிடிச்சுப் பால்ல போட்டு உடனே கிளம்பி வாங்க" என்றார். பாயசத்துக்கு வைத்திருந்த ஆவின் பாக்கெட்டைக் கத்தரித்து டம்ளரில் ஊற்றி அதில் பல்லைப் போட்டோம். முக்கால் மணி நேரத்துக்குள் அவர் ஆஸ்பத்திரியைத் திறந்து, பல்லைப் பழைய இடத்திலேயே பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி கட்டிவிட்டார். பால்பல்லாக இருந்திருந்தால் அப்படித் திரும்ப வைக்கக் கூடாதாம். அடியில் முளைக்கிற பல்லைக் கெடுத்துவிடும். அந்தப் பையன் இன்று காலேஜ் போகிறான், அதே பல்லோடு.

2023 தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தோம். மகள், மருமகன், ஆறு வயதுப் பேரன். அவனுக்கு அப்போதுதான் மேல் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுபவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் விட்டவள்தான். திரும்பி வருகிற வழியில் கோவில்பட்டியில் வண்டியை நிறுத்திக் கடலை மிட்டாய் வாங்கினார் மருமகன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு அதன் கெட்டித்தனமும் ஒரு பிடி கூடிவிட்டதாக எனக்கொரு சந்தேகம். மதுரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தரலாம் என்று நான் சொன்னது முன்சீட்டுக்குக் கேட்கவில்லை.

சாத்தூர் தாண்டியதும் பையன் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். கப்பலூர் டோல்கேட் வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னம் மட்டும் உப்பி இருந்தது. பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டேன். வெல்லப்பாகு கடைவாயில் அரக்கு மாதிரி அப்பிக் கிடந்தது. கன்னத்துச் சந்தில் வழித்து, மேலே வழித்து, பின்னால் அந்தப் புதுப் பல்லைத் தொட்டுச் சுரண்டினேன்.

நறுக்கென்று கடித்துவிட்டான்.

நான் போட்ட சத்தத்தில் மருமகன் வண்டியை ஓரம் கட்டினார். பையன் கண்ணைத் திறக்காமலே புரண்டு படுத்துக்கொண்டான். செல்போன் வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். சின்னச் சின்னதாய் வரிசையாகப் பல் தடம். நடுவில் ஒரு இடம் மட்டும் பதியவில்லை.